வக்கீலுக்கு ஈடாக ஒரு போட்டோ

ஹோட்டல் சலவைக்கூடத்தில் என் பக்கத்து மேசையில் இஸ்திரி போட்டவள் அவள். எங்களுக்கு இஸ்திரியக்கா. ஒரு ஷிப்டுக்கு இருநூறு படுக்கை விரிப்பு, ஒன்றில்கூட மடிப்பு கோணாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பெர்மிட்டைப் புதுப்பிப்பதை அரசாங்கம் நிறுத்தியது. நிறுத்திவிட்டு, பெர்மிட் எங்கே என்று கேட்டுப் பிடித்தது. எந்த மகானுபாவன் மூளையோ. அக்கா புருஷனைக் கட்டட வேலையிடத்திலேயே அள்ளிக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை விசாரணை. வக்கீல் இல்லாவிட்டால் அன்றைக்கே விமானம்.

செவ்வாய்க்கிழமை ஓர் அறக்கட்டளைத் தலைவர் எங்களுக்குக் கம்பளி கொடுக்க வந்தார். ஆவியில் வேகிற சலவைக்கூடத்துக்குக் கம்பளி! பேனர் பிடிக்கவே நாலு பேர். நாங்கள் பல்லை இளித்துக்கொண்டு வாங்கினோம். நானும்தான், வெட்கங்கெட்டவள்.

"கம்பளி வேணாம் சார். என் வீட்டுக்காரருக்கு ஒரு வக்கீல் வெச்சுக் குடுங்க," என்றாள் அக்கா.

"நாங்க அரசியல்ல தலையிடுறதில்லம்மா."

"அப்ப இதப் போத்திக்கிட்டு ப்ளேன் ஏறச் சொல்லவா அவர?"

அவர்கள் கொண்டுவந்த கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்கிற ஆள்.

"சரி, வைக்கிறோம். உங்க கதையும் போட்டோவும் எங்க ஆண்டு மலருக்கு வேணும்."

அக்கா தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள்.

வந்த வக்கீல் கெட்டிக்காரி. நாடு கடத்தத் தடை வாங்கினாள், புருஷன் வீடு வந்து சேர்ந்தான். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும்.

மறுவாரம் மலர் வந்தது. உதவி உண்மையான ஆளுக்குத்தான் போனது என்று பணம் கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். அக்கா படத்துக்குக் கீழே பெயர், வேலையிடம், கதவு எண், பெர்மிட் முடிந்த தேதிவரை அச்சடித்திருந்தார்கள். படித்த முட்டாள்கள். அதிகாரிகள் மலரைக் கையில் வைத்துக்கொண்டே வந்து, விரிப்பைப் பாதியில் போட்டுவிட்டு வரச் சொல்லி அவளைக் கூட்டிப்போனார்கள். அவளுக்குத் திங்கட்கிழமை விசாரணை.

அவள் புருஷனோடு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பறைச் சுவரில் அக்கா ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்திருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு வக்கீல் குடுத்தாச்சே அண்ணா," என்றாள். "ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதான்."