புளியங்கட்டையில் போட்ட மரை

பணி ஓய்வு பெற்ற பிறகு மரம் கடைகிற சின்ன லேத் ஒன்று வாங்கினேன். அம்மா போனதிலிருந்து திண்டுக்கல் வீட்டில் நான் மட்டும்தான். கார் இல்லாத கார் ஷெட்டில் அதை வைத்தேன். கிண்ணம், பூரிக்கட்டை எல்லாம் கடைந்து சலித்தபின், திருகி மூடுகிற டப்பா ஒன்று செய்யத் தோன்றியது.

மரத்தில் மரை, அதாவது மூடி திருகி ஏறும் சுற்றுப் பள்ளம், போடக் கட்டையைப் பிடித்து நகர்த்தும் ஒரு ஜிக் வேண்டும். லேத்தில் கட்டர் சுழலும். கட்டையை ஜிக்கில் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், கட்டை மெல்ல நகர்ந்து கட்டரில் பட்டு மரை விழும். மாங்கட்டையில் போட்ட மரை விரல் பட்டதும் உதிர்ந்தது. நத்தத்து மரவாடியில் கெட்டியான மரமாகக் கேட்டுப் புளியங்கட்டை வாங்கி வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து, டப்பாவில் வெளிமரையும் மூடியில் உள்மரையும் போட்டேன். மூடி திருகிக்கொண்டே போய் அழுத்தமாக உட்கார்ந்தது. "வந்துருச்சு!" என்று கத்திவிட்டேன். கேட்க யாருமில்லை. தங்கைக்குப் போன் செய்தேன்.

"வீட்டுக்கு ஆளுக வந்திருக்காகக்கா, அப்புறம் பேசுறேன்."

அன்று அவள் பேசவில்லை.

சாயங்காலம் தெருமுனையில் இஸ்திரி போடும் பெண்ணிடம் டப்பாவைக் காட்டினேன். திறந்து திறந்து மூடினாள்.

"மரத்துலயா டீச்சர் இம்புட்டு நைசா? இதுல என்ன போட்டு வைப்பீக?"

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. "நீயே வச்சுக்க" என்றேன். துணிகளில் கழன்று விழும் பட்டன்களைப் போட்டுக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் மரம் உப்பி, மூடி இறுகிவிட்டது. டப்பாவோடு அவள் என் ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

"நீங்க அடியப் புடிங்க, நான் மூடியத் திருகுறேன்."

இருவரும் பல்லைக் கடித்து முறுக்கினோம். படக்கென்று திறந்து பட்டன்கள் தரையெங்கும் சிதறின. சுருள் சுருளாகக் கிடந்த மரச்சீவலுக்குள் கையை விட்டுப் பொறுக்கினோம். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். அந்த ஷெட்டுக்குள் வேறொருவர் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மரையை லேசாகத் தேய்த்து மெழுகு தடவிக் கொடுத்தேன். மூடி வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"செத்த நேரம் இரு, காப்பி போடுறேன்."

"துணி கெடக்கு டீச்சர், வாரேன்."

அப்புறம் மூடி இறுகவே இல்லையாம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூடி எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். "நல்லாருக்கு டீச்சர்" என்று குனிந்தபடியே சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை அடுத்த சட்டையில் வைக்கிறாள்.