ஏழாம் நம்பர் ரிப்பன்

என் மனைவி போர் விமானங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். இருவரில் யாருக்குப் பொறுப்பு அதிகம் என்று யாராவது கேட்டால் சண்டைக்குப் போவேன். என் வண்டியிலும் உயிர்கள்தான் ஏறி இறங்குகின்றன. ஆனால் என் வேனில் பிரேக் கட்டை தேய்ந்தால் அடுத்த தெருவில் வாங்கி மாட்டிவிடலாம். அவளுடைய விமானத்தில் உள்ளங்கை அளவு வால்வு ஒன்று பழுதானால், அது கடல் தாண்டி வர வேண்டும். வருகிறவரை விமானம் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்.

மொத்தம் எட்டு விமானங்கள். வாங்கப் போகிறோம் என்றபோது ஒரு விலை சொன்னார்கள், கையெழுத்துப் போட்டபோது வேறு விலை, வந்து இறங்கியபோது அதையும் தாண்டிய விலை. இடையில் யார் சாப்பிட்டார்கள் என்று இன்றைக்கும் தொலைக்காட்சியில் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்காத குறையாகக் கத்துகிறார்கள். முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு இதைப் பேசுகிறார்கள், என் தலை பாதியில் கிடக்கும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். யானையை வாங்குவதிலேயே கை காலியாகிவிட்டது, தீனிக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒரு திருகாணியைக்கூட இங்கே செய்துகொள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். எந்தப் புண்ணியவான் எழுதினானோ.

அதனால் கொட்டகையில் பிறந்த ஏற்பாடுதான் கைமாத்து. ஒரு விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிப் பறக்கவிடுவார்கள். அலுவலகக் காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் ஏதோ உண்டு. கொட்டகையில் கைமாத்து என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் நம்பர் ஏழாம் நம்பரிடம் வாங்கும், ஏழு ஐந்திடம் வாங்கும். திருப்பிக் கொடுக்கிற லட்சணமெல்லாம் நம் கைமாத்தைப் போலத்தான்.

எதை எங்கே கழற்றினோம் என்று மறந்துவிடக் கூடாதே என்று என் மனைவி ஆரம்பித்தது ரிப்பன். பாகத்தைக் கழற்றிய இடத்தில் சிவப்பு ரிப்பனைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு ரிப்பனிலும் விமானத்தின் எண்ணை வெள்ளை நூலால் தைத்திருப்பாள். திரும்ப மாட்டியதும் ரிப்பனை அவிழ்த்து அந்த விமானத்தின் பெட்டியில் போட வேண்டும். பெட்டி நிறைந்திருந்தால் விமானம் முழுசு, ஒன்று குறைந்தால் எங்கேயோ ஓட்டை. இதில் அவள் கண்டிப்பு ஒன்று உண்டு. ரிப்பனைக் கட்டப் போகும்போது சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் கையில் ஸ்பானர் இருக்கும். அவிழ்த்த ரிப்பன் மட்டும் பைக்குப் போகவே கூடாது, கையோடு பெட்டிக்கு வர வேண்டும். இதற்காகவே விமானப்படைத் தளத்தில் பெரியவர் சிறியவர் எல்லாரும் அவளை ரிப்பன் என்று கூப்பிட்டார்கள்.

வீட்டிலும் அந்தப் பைத்தியம் உண்டு. ஒழுகும் குழாயில் ரிப்பன், பொத்தான் தைக்காத சட்டையில் ரிப்பன். எங்களுக்குள் சண்டை வந்து பாதியில் நின்றால் படுக்கையறைக் கதவின் கைப்பிடியில் ஒன்று தொங்கும். பேசி முடித்தபிறகுதான் அவிழ்ப்பாள். எங்களோடு இருக்கும் என் மாமியார், “நல்லவேளை மாப்ள, உங்க வாய்ல கட்டல” என்பார். வீட்டு ரிப்பன்களில் எண் கிடையாது.

சில மாதங்களுக்கு முன் அமைச்சர் சபையில் எழுந்து, எட்டு விமானங்களும் எந்த நேரமும் பறக்கத் தயார் என்று அடித்துச் சொன்னார். எதிர்க்கட்சி விடவில்லை. விசாரணைக் குழு ஒன்று நேரிலேயே வந்து பார்ப்பது, எட்டும் கண்முன்னே பறந்து காட்டுவது என்று முடிவானது. சாப்பாட்டு மேசையில் என் மனைவி அதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ஒரே நாளில் ஐந்துக்கு மேல் முழுசாக நின்றதை அவளே பார்த்ததில்லை. அவள் சிரிக்கவில்லை.

திட்டம் இதுதான். காலையில் நான்கு பறக்கும். இறங்கியதும் குழுவை விருந்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அவர்கள் சாப்பிட்டு வாய் துடைப்பதற்குள் இவற்றின் பாகங்களைக் கழற்றி மற்ற நான்கில் மாட்ட வேண்டும். மறுபடி பறக்கும், எட்டு என்று கணக்கு வரும். அதிகாரி முதல் துடைக்கிறவர் வரை கொட்டகையில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் வீடு இருக்கிறது, வீட்டில் அடுப்பு இருக்கிறது.

குழு வருவதற்கு முந்தைய நாள் கொட்டகை தலைகீழாகக் கிடந்திருக்கிறது. ஏழாம் நம்பரின் அவசர ஆக்ஸிஜன் வால்வைக் கழற்றி மூன்றில் போடு என்றார்களாம். போட்டதும், வேண்டாம், ஏழுதான் காலையில் பறக்கப் போகிறது, அதிலேயே திருப்பி மாட்டு என்றார்களாம். பிறகு மறுபடி மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். சாயங்காலம் பார்த்தால் ஏழாம் நம்பர் பெட்டியில் ஒரு ரிப்பன் குறைந்தது. கூட்டிய குப்பையைக்கூடக் கிளறியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. மேற்பார்வையாளர் பொறுமை இழந்து, தொலைந்தது ரிப்பன்தானே, வால்வு இல்லையே என்று புதிதாக ஒன்றை வெட்டி, அவரே ஏழு என்று தைத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். கடைசியாக வால்வை மாட்டியதாக இவளுக்கு ஞாபகம். அந்த ஞாபகத்தை நம்பி வீட்டுக்கு வந்தவள், சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, வழக்கம்போல நான் துவைத்த துணிகளை இயந்திரத்திலிருந்து எடுத்தேன். துவைப்பது என் இலாகா. கடைசியில் அவள் முந்தின நாள் போட்டிருந்த வேலைச் சட்டை வந்தது. மேல் பையிலிருந்து சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. இழுத்தேன். ஈரத்தோடு ரிப்பன் வந்தது, வெள்ளை நூலில் ஏழு.

ரிப்பன் பையில் இருக்கிறதென்றால் கட்டப் போகும்போது போட்டது. அதாவது வால்வைக் கழற்றியாயிற்று, ரிப்பன் கட்டவில்லை, யாரோ கூப்பிட்டு எங்கோ ஓடியிருக்கிறாள். ஏழாம் நம்பரில் அடையாளமில்லாத ஓட்டை ஒன்று இருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தாலொழிய, தரையில் இருக்கிறவரை அந்த வால்வு இருக்கிறதா இல்லையா என்று தெரியவே தெரியாதாம். மேலே போய், வழக்கமான ஆக்ஸிஜன் ஏதாவது தகராறு செய்தால்தான் தெரியும். அப்போது தெரிந்து விமானிக்கு என்ன பிரயோஜனம்?

அவள் கைப்பேசி தளத்தின் வாசலில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. மாமியார் வந்து என் கையிலிருந்ததைப் பார்த்தார். அவருக்கும் ரிப்பன் சட்டம் தலைகீழ்ப் பாடம்.

“அவ வேலைக்கு உல வெச்சுடாதீங்க, மாப்ள. தளத்துச் சாமான் வெளிய வந்துச்சுன்னு தெரிஞ்சாலே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்றார்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ரிப்பனை வாங்கி, தண்ணீரைப் பிழிந்து, மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். பிறகு வேன் சாவியை எடுத்து நீட்டினார். முதலில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பள்ளிக்கூட வேனை அப்படி நான் ஓட்டியதில்லை. பிள்ளைகள் இருந்திருந்தால் என்னை நானே வேலையை விட்டு நீக்கியிருப்பேன். தளத்து வாசலில் கறுப்புக் கார்கள் வரிசையாக நின்றன, கேமராக்காரர்கள் வேலியில் ஏறாத குறை. உள்ளே எஞ்சின் ஒன்று உறும ஆரம்பித்திருந்தது. எந்த நம்பர் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்.

வாசல் காவலாளியின் பெண் என் வேனில்தான் வருகிறாள். அவரிடம் என்ன சொல்வது? விமானத்தை நிறுத்து என்றால், சுற்றி நின்ற கேமராக்கள் என் வாயில் நுழைந்துவிடும். ரிப்பனைக் காட்டினால் என் மனைவியை நானே காட்டிக்கொடுத்ததாக ஆகும். ஒருவேளை வால்வு சரியாகவே இருந்துவிட்டால்? நாட்டின் மானம் போனதற்கு ஒரு வேன் டிரைவர்தான் காரணம் என்று ஊர் சிரிக்கும். ஒரு நிமிடம் அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் சத்தம் ஏறியது. என் வேனின் கதவை ஒழுங்காகச் சாத்தினேனா என்ற சந்தேகம் வந்தால் நான் நடுரோட்டிலும் நிறுத்துகிறவன். இறங்கினேன்.

“ரிப்பனுக்கு ஒரு சேதி சொல்லணும். வீட்டுல உயிர் போற விஷயம்” என்றேன்.

“இன்னிக்கா அண்ணே? உள்ள யாரையும் கூப்பிட முடியாது.”

“கூப்பிட வேணாம். கொட்டகைக்குப் போன் போட்டு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. ஏழு அவ சட்டப்பையில இருந்துச்சுன்னு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் உள்ளே போய்ப் போனை எடுத்து, நான் சொன்னதை அப்படியே சொன்னார். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டார்களாம். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு விமானம் ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவதும் ஏறியது. நான்காவதின் உறுமல் ஏறி, தேய்ந்து, நின்றே போனது. கேமராக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததை அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். சேதி வந்ததும் ஓடுபாதை ஓரத்துக்கு ஓடி, கையைக் குறுக்காகத் தூக்கிக் காட்டி ஏழாம் நம்பரை நிறுத்தியிருக்கிறாள். மேற்பார்வையாளர் கத்தியிருக்கிறார். அதிகாரி கத்தவில்லை, முகம் வெளுத்து, மூடியைத் திறக்கச் சொன்னார். விமானியும் ஏணியில் இறங்கி வந்து டார்ச் பிடித்திருக்கிறான். உள்ளே வால்வு இருந்தது. ஒழுங்காக மாட்டி, முடுக்கி, பூட்டுக் கம்பி போட்டு, கச்சிதமாக இருந்தது. அவளேதான் மாட்டியிருக்கிறாள். அவிழ்த்த ரிப்பனைக் கையில் வைத்துக்கொள்ளாமல், அந்த அமளியில், தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பையில் போட்டிருக்கிறாள்.

மறுபடி கிளம்பலாம் என்று விமானி கேட்டானாம். அதற்குள் குழு காரில் ஏறிவிட்டது.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

“இருந்துச்சுன்னு பார்த்தப்புறம்தான சொல்றோம். பார்க்குறதுக்கு முன்னாடி அது இல்லாததுதான்” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். கோபம் என் மேல் இல்லை.

மறுநாள் செய்தித்தாள்கள் பிய்த்து எடுத்தன. இத்தனை விலை கொடுத்த விமானம் கிளம்பவே இல்லை என்றது ஒரு பக்கம். நல்ல விமானத்தை வேண்டுமென்றே நிறுத்திய சதி என்றது இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் கைமாத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மதிய விருந்துக்குள் நான்கின் பாகங்கள் மற்ற நான்குக்குப் போக இருந்த கதை அப்படியே அமுங்கிப் போனது. முடிதிருத்தும் கடைக்கு நான் ஒரு மாதம் போகவில்லை. எங்கே கத்தரிக்கோல் நின்றுவிடுமோ என்ற பயம்தான்.

உள்விசாரணை நடந்தது. அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. பையில் போட்டது தன் தவறு என்றாள், புது ரிப்பன் வெட்டப்பட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய தவறு என்றாள். கூப்பிடுகிறவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஈரம் காய்ந்த அந்த ரிப்பனைச் சாட்சியாக எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

நேற்று வாசல் காவலாளி, தன் பெண்ணை வேனில் ஏற்றிவிடும்போது, விசாரணையின் முடிவைக் காதோடு காதாகச் சொன்னார். விமானத்தைச் செய்த கம்பெனியின் கையேட்டில் ரிப்பன் என்ற ஒன்றே இல்லையாம். கையேட்டில் இல்லாத பழக்கத்தால்தான் இவ்வளவு குழப்பம், ஆகவே ரிப்பன் இனி கூடாது என்று உத்தரவாம். பெட்டிகளை எடுத்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் அதே இடத்தில்தான் இருக்கிறார்.

“கைமாத்து?” என்று கேட்டேன்.

“அது பாட்டுக்கு நடக்குது அண்ணே” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் வீட்டு ரிப்பன் ஒன்றை எடுத்து, கொக்கியில் மாட்டியிருந்த தன் வேலைச் சட்டையின் கையில் கட்டினாள்.

இன்று காலையும் மூன்று விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலே போயின. மாமியார் அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவள் கோப்பையைத் தொடாமல் கூரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒன்று திரும்பியது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எனக்குப் பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனால் கிளம்ப முடியவில்லை. நாங்கள் மூவரும் மூன்றாவது சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வந்து இறங்கியபிறகுதான் அவள் ஆறிப்போன தேநீரைக் குடித்தாள், நான் வேனை எடுத்தேன். நாளைக்கும் அவை பறக்கும்.