மாமி பின்னால் நடந்து பார்த்த படம்

அப்பா கீறிய படங்களிலேயே பெரியது அந்தக் கடல்தான். எங்கள் சோபாவின் நீளம் இருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து இறங்கினால் வரும் அதே கடல், அதே ரயில்பாதை. ஆள் ஒருவரும் இல்லை. ஆட்களைக் கீற அப்பாவுக்கு வராது.

கீறி முடித்த பிறகுதான் கரைச்சல் தொடங்கியது. மாமி பார்த்துச் சொல்லும்வரை சுவரில் ஆணி அடிக்கமாட்டேன் என்றுவிட்டார். மாமி அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருந்தார். அப்பாவுக்கு முதன்முதலில் வர்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. நேரே இருப்பது நன்றாகத் தெரியும். சுற்றிவர ஒன்றும் தெரியாது. கையில் போடும் காப்புக்குள்ளால் பார்ப்பது போல என்பார். சாப்பாட்டு மேசையில் அம்மாவைப் பார்த்தால் அப்பா இல்லை, அப்பாவைப் பார்த்தால் நான் இல்லை. காப்பு இன்னும் சின்னதாகும், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

படமோ டிவியை மறைத்துக்கொண்டு நின்றது. என்னுடைய கவலை அது.

பார்வை குறைந்தவருக்கு எதையும் கிட்டக் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்பது எங்கள் குடும்பத்தின் ஞானம். அம்மா கதிரையைப் படத்துக்கு முன்னால் இழுத்துப் போட்டு, வீட்டிலிருந்த எல்லா லைட்டையும் போட்டார். மாமி மூக்குக்கு நேரே ஓர் அலையைப் பார்த்தார். தலையைத் திருப்பித் தண்டவாளத் துண்டொன்றைப் பார்த்தார். அண்ணா போனில் படம்பிடித்துக் காட்டினான்.

“தம்பி இவ்வளவு பெரிசாக் கீறினது உந்தப் போனுக்குள்ளை பார்க்கவோ? துண்டு துண்டாப் பார்த்திட்டு நல்லாயிருக்கெண்டு சொல்லவும் ஏலாது” என்றார் மாமி. அப்பா தூரிகைகளைக் கழுவப் போய்விட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமி எழும்பி, படத்தைப் பார்த்தபடியே பின்னால் நடக்கத் தொடங்கினார். முதுகு சுவரில் முட்டியது.

“தூரப் போகப் போகக் கனக்கத் தெரியுது. படத்தை வாசலுக்கு நேரை பிடியுங்கோ!”

அப்பாவும் அண்ணாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்தார்கள். ரிவர்ஸ் எடுக்கும் ஓட்டோவுக்கு வழிகாட்டுவதுபோல நான் மாமியின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அகலத் திறந்த இரட்டைக் கதவு வாசலைத் தாண்டி, கொரிடோரைத் தாண்டி, மாமியின் முதுகு எதிர்வீட்டுக் கதவில் மோதியது.

அந்த வீட்டுச் சிங்கள அன்ரியோடு அம்மா கதைப்பதில்லை. கொரிடோரில் சப்பாத்து ராக்கை வைத்ததில் வந்த சண்டை. யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்து அன்ரி கதவைத் திறந்தார்.

“மொகத?” என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

படத்துக்குப் பக்கத்தில் நின்ற அம்மா தலையில் கைவைத்தார். பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறைச் சிங்களத்தில், படம் பார்க்கிறோம் என்றேன். அன்ரி மாமியைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்குள் நின்ற கடலைப் பார்த்தார். மற்றக் கதவையும் திறந்துவிட்டு, தன் மேசையை ஒரு பக்கம் தள்ளிவிட்டார். மாமி முதுகாலேயே அந்த வீட்டுக்குள் நுழைந்து, கடைசியில் பல்கனிக் கம்பியில் சாய்ந்து நின்றார்.

“நாலு மூலையும் தெரியுது!” என்று கத்தினார். “கடல் அப்பிடியே இருக்கு, தம்பி! ஆணியை அடி!”

அங்கே அப்பா சின்னப்பிள்ளைபோலக் கூவினார். இங்கே ஒன்றும் விளங்காத அன்ரி கைதட்டினார். சந்தோஷம் தாங்காமல் நானும் குதித்தேன். மாமி மட்டும் கண்ணை எடுக்கவில்லை. தடவி என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

“நீயும் ஓடிப்போய் அங்கை நில்லு.”

ஓடிப்போய்ப் படத்தோடு ஒட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“ஆ, இப்ப எல்லாரும் இருக்கினம்! ஒருத்தரும் குறையேல்லை!” மாமியின் குரல் இரண்டு வீட்டிலும் கேட்டது.

அன்று பின்னேரமே ஆணி அடித்தாயிற்று. அன்ரி எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தார். எனக்கு டிவி திரும்பக் கிடைத்தது. ஒரேயொரு குறைதான். ஆளே இல்லாத படத்தைப் பார்த்து, எல்லாரும் இருக்கினம் என்கிறாரே, மாமிக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தேன். அப்பா மனம் நோவாரென்று அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.