அண்ணன் பெயரில் பந்து வீசியவன்

வக்காஸுக்கு இரண்டு பெயர். வீட்டில் வக்காஸ், தாளில் தௌசீஃப். அந்த இரண்டாவது பெயரை அவனுக்கு மாட்டிவிட்ட புண்ணியவான் நான்தான். அவனுடைய தாய்மாமன் மன்ஸூர். லாகூருக்குத் தென்மேற்கே சின்ன ஊரான சிச்சாவத்னியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறேன். ஊர் என்னைத் திட்டுவதற்கு முன்னால் நானே திட்டிக்கொள்கிறேன்: மூளை கெட்டவன்.

தௌசீஃப் என்பவன் என் அக்கா ரிஃப்பத்தின் மூத்த மகன். மூன்று வயது முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். அவனைப் புதைத்த இரண்டாம் மாதம் வக்காஸ் பிறந்தான். மச்சான் ஷார்ஜாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆக, ஆபீஸ் வேலையெல்லாம் என் தலையில். செத்தவனின் சாவைப் பதியவில்லை, பிறந்தவனின் பிறப்பையும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பிறப்புப் பதிவுத் தாள் கேட்டார்கள். மூன்று தடவை ஆபீஸுக்கு அலைந்தேன். முதல் நாள் குமாஸ்தா இல்லை, இரண்டாம் நாள் முத்திரை இல்லை, மூன்றாம் நாள் தகப்பன் நேரில் வர வேண்டும் என்றான். எனக்கு வந்ததே கோபம்! வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து தௌசீஃபின் தாளை எடுத்தேன்.

"உசுரோட இருக்கறவன் தலையில செத்தவன் பேர வைக்காதடா மன்ஸூரு" என்றாள் அக்கா. "அது ஆகாதுடா."

"அட சும்மா இருக்கா. வெறும் தாளு. யாரு எடுத்துப் பாக்கப் போறா?"

அவள் தாளைப் பிடுங்க வந்தாள். நான் சிரித்துக்கொண்டே பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டேன். அன்றைக்கே தாளின் கணக்குப்படி வக்காஸுக்கு மூன்று வயது கூடிவிட்டது.

பதினான்கு வயதில் அவன் ஆறடியைத் தாண்டியிருந்தான். வாசற்படியில் தலை இடிக்கும். செங்கல் சூளைக்குப் பின்னால் உள்ள பொட்டலில் டேப் சுற்றிய டென்னிஸ் பந்தைப் போடுவான். ஓடி வருவது தெரியும், பந்து தெரியாது. கமாலியாவிலிருந்து ஆட வந்த ஒரு தொடக்க ஆட்டக்காரன் இரண்டு பந்து பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்து, "பாய், ஒரு ஹெல்மெட் குடுங்க, ஆட்டம் முடிஞ்சதும் திருப்பித் தந்துடறேன்" என்றான். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்றான். மூன்றாம் பந்தில் அவன் காலுக்கடியில் ஸ்டம்ப் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மருமகன் என்று எதிர்ப்பட்டவனிடமெல்லாம் சொன்னேன். அக்கா மட்டும் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

சாஹிவாலில் கிரிக்கெட் அகாதெமிக்கு ஆள் தேர்வு நடந்தது. ஆயிரம் பையன்கள் வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். பயிற்சியாளர் இக்ராம் சாஹிப் வக்காஸின் ஆறு பந்தைப் பார்த்தார். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். பிறகு தாளை வாங்கிப் பார்த்தார்.

"தௌசீஃப். பதினேழு வயசு." சிரித்தார். "தாள்ல பதினேழு. அப்போ இருபத்தொண்ணு இருக்கும், இல்லடா?"

"இல்ல சார்" என்றான் வக்காஸ். பொய் சொல்லத் தெரியாத பயல். "பதினாலு."

மைதானமே சிரித்தது.

"பதினாலாம்! டேய், போன வருஷம் ஒருத்தன் பதினாறுன்னு சத்தியம் பண்ணினான். அவனோட மூத்த பொண்ணு ஸ்கூலுக்குப் போகுது!" என்றார் இக்ராம் சாஹிப்.

இதில் அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. எங்கள் பக்கம் பந்து பிடிக்கிற பையன் ஒவ்வொருவனும் வயதைக் குறைத்துத்தான் எழுதுவான். தகப்பன், மாமன், பள்ளி வாத்தியார் என்று எல்லோரும் சேர்ந்து குறைப்பார்கள். எந்தப் பயிற்சியாளரும் தாளில் உள்ள வயதோடு மூன்று நான்கைக் கூட்டித்தான் கணக்கு வைத்துக்கொள்வார். தாளில் வயது கூடிப்போன பையன் என்று இந்த மாகாணத்திலேயே ஒருத்தன்தான் இருந்திருப்பான். அவனை நான் தயார் செய்து கொடுத்தேன். அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது சோறு இறங்கவில்லை.

அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அகாதெமியில் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. பதினாறு வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு ஆறு ஓவர், அதற்கு மேல் பந்தைத் தொடக் கூடாது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு வரம்பு கிடையாது. வக்காஸ் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தான். காலையில் பத்து ஓவர், சாயங்காலம் பத்து ஓவர். மற்றவர்களுக்கு மீசை முற்றிப்போயிருந்தது, எலும்பும் முற்றிப்போயிருந்தது. இவன் அந்த வருஷத்தில் மட்டும் இரண்டு அங்குலம் வளர்ந்தான். வளர்கிற எலும்பு, அதன் மேல் அந்தப் பாரம். அப்போது எனக்கு உறைக்கவில்லை. போனில் கேட்பேன், "சாப்டியாடா?" "சாப்டேன் மாமு. முதுகு கொஞ்சம் பிடிச்சிருக்கு." "எண்ணெய் தேய்ச்சுக்கோ." அவ்வளவுதான் நம் வைத்தியம்.

முதல் பெரிய ஆட்டம் டிவியில் வந்தது. நூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர் வேகம் என்று எழுத்து ஓடியது. கடைத்தெருவே எங்கள் வீட்டில் திரண்டிருந்தது. ஐந்தாவது விக்கெட் விழுந்தபோது மைதானம் முழுக்க ஒரே குரல்: "தௌசீஃப்! தௌசீஃப்!"

அக்கா எழுந்து வந்து டிவியை அணைத்தாள். எல்லோரும் கத்தினோம்.

"யாரக் கூப்புடறாங்க அவங்க?" என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. "யாரடா கூப்புடறாங்க? அவன் பேர இத்தன பேரு சேந்து கூப்புட்டா அவன் சும்மா இருப்பானா?"

பைத்தியம் என்றேன். வந்திருந்தவர்கள் முன்னால், சொந்த அக்காவைப் பைத்தியம் என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெருநாளுக்கு வக்காஸ் ஊருக்கு வந்தான். தொழுகையில் எனக்கு அடுத்து நின்றான். நெற்றி தரையில் பட எல்லோரும் குனிந்தோம், எழுந்தோம். பக்கத்தில் இடம் காலியாக இருந்ததுபோல் பட்டது. பார்த்தால் அவன் இன்னும் தரையிலேயே கிடக்கிறான். இரண்டு கையையும் ஊன்றி, கிழவனைப்போல ஒவ்வொரு முட்டியாகத் தூக்கி எழுந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. வெளியே வந்ததும் கையைப் பிடித்தேன்.

"எத்தன நாளாடா இது?"

"ரெண்டு மாசமா மாமு. பந்து போடும்போது அவ்வளவா தெரியல. படுத்தாத்தான்."

"இக்ராம் சாஹிப்கிட்ட சொன்னியா?"

"சொன்னா உக்கார வெச்சிடுவாங்க. பன்னெண்டு நாள்ல நேஷனல் டீமுக்கு ஆளெடுக்கறாங்க."

அன்றுதான் முதல் முறையாக அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. இக்ராம் சாஹிபுக்குப் போன் செய்து முதுகுவலியை மட்டும் சொன்னேன். அவரே மறுநாளைக்கே முல்தானில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கினார், கூடவே வந்தார். நல்ல மனிதர். வழியில் காரில் பேச்சுவாக்கில் ஒரு கதை சொன்னார். பக்கத்து மாவட்டத்துப் பையன் ஒருவன் இன்னொருவன் தாளில் ஆடிப் பிடிபட்டானாம். மூன்று வருஷத் தடை. பேப்பரில் தகப்பன் பெயரோடு வந்ததாம். வக்காஸ் ஜன்னல் வழியாகப் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் தண்ணீர் குடித்தேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இடுப்புக்கு மேலே, எலும்பில் மயிரிழைபோல ஒரு கோடு.

"பையனுக்கு வயசு என்ன?"

டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏன் கேக்கறேன்னா, சில பேருக்கு இது பொறவியிலேயே இருக்கும். வளந்து முடிஞ்ச ஆளுன்னா நான் பெருசா பயப்பட மாட்டேன். பத்து நாள் ஓய்வு, இடுப்புக்கு ஒரு பட்டை, போய் ஆடட்டும். ஆனா வளர்ற வயசுன்னா இது புது விரிசல். எட்டு மாசம் பந்தத் தொடக் கூடாது. தொட்டா ஒடையும். சொல்லுங்க, வயசு என்ன?"

வக்காஸ் என்னைப் பார்த்தான். இக்ராம் சாஹிபும் என்னைப் பார்த்தார். பதினைந்து என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. சொன்னால் தடை, அவமானம், ஷார்ஜாவில் மச்சான் தலை குனிய வேண்டும், பதினோரு நாளில் வரப்போகிற அந்த நேஷனல் டீம் பச்சைச் சட்டை போய்விடும். எட்டு மாதம் என்ன, எட்டு ஜென்மத்துக்கும் வாய்க்காது என்று மனசு அடித்துக்கொண்டது.

"பதினெட்டு, டாக்டர் சாஹிப்" என்றேன். "தாள்லயே இருக்கு பாருங்க."

"தாள்ல பதினெட்டுன்னா கூடத்தான் இருக்கும்" என்று இக்ராம் சாஹிப் கண்ணடித்தார். டாக்டரும் சிரித்துவிட்டார். பத்து நாள் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார்.

தேர்வு ஆட்டம் லாகூரில். நான் எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். வலியை மறக்க ஊசி போட்டிருந்தார்கள். முதல் நான்கு ஓவர் அவன் போட்ட வேகத்தில் விக்கெட் கீப்பர் இரண்டடி பின்னால் போனான். தேர்வாளர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். போதும்டா, உக்காருடா என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன், கத்திச் சொல்லவில்லை.

ஐந்தாவது ஓவரின் மூன்றாம் பந்து. ஓடி வந்தான், குதித்தான், வீசினான். நடு ஸ்டம்ப் இரண்டு குட்டிக்கரணம் போட்டு விழுந்தது. எல்லோரும் அவனைக் கட்டிப்பிடிக்க ஓடினார்கள். அவன் கையைத் தூக்கவில்லை. குனிந்தபடி அப்படியே நின்றான், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான்.

நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன். முகத்தில் புல் ஒட்டிக்கொண்டு கிடந்தான். அழவில்லை. குழம்பிப்போய்ப் பார்த்தான்.

"மாமு, என் காலு எங்க இருக்குன்னு தெரியல."

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு முன்னால் படிவம் நிரப்பினார்கள். வயது பதினைந்து என்று கத்தினேன். அங்கே இருந்தவன் தாளைப் பார்த்துவிட்டு, "பதினெட்டுன்னு போட்டிருக்கே, பெரியவரே" என்று அதையே எழுதிக்கொண்டான். அக்கா நடைபாதையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் காலைப் பிடித்து அழுதிருப்பேன், அந்த வாய்ப்பையும் அவள் தரவில்லை.

முதுகில் ஆறு திருகாணி. ஏழு மாதம் கழித்து நடந்தான். இடது கால் இன்னும் இழுக்கிறது. இப்போது என் கடையில்தான் இருக்கிறான். உட்கார்ந்தால் வலிக்கும் என்பதால் உயரமான மேஜை போட்டு நின்றுகொண்டே கார்பரேட்டர் பிரித்துக் கழுவுகிறான். வேலை சுத்தம். இந்த மார்ச்சில் ஒரு காலை, கையில் பெட்ரோல் துணியோடு சொன்னான், "மாமு, இன்னைக்கு எனக்குப் பதினெட்டு."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். எதிர்க்கடைக்காரன் எட்டிப் பார்த்தான், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அழுதேன். மன்னிச்சுடுடா என்றேன். இந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இரண்டரை வருஷம் ஆயிருக்கிறது.

"விடுங்க மாமு" என்றான் அவன். "அன்னைக்கு டாக்டர் கேட்டப்போ நானும் அங்கதானே இருந்தேன். எனக்கும் வாய் இருந்துச்சே. ஆடணும்னு ஆசை, அதான் பேசாம இருந்துட்டேன். ரெண்டு பேரு மேலயும் தப்புதான்."

எனக்கு ஆறுதல் சொல்கிறானாம். ரெண்டு பேர் மேலும் தப்பாம். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. எனக்கு நாற்பத்தொன்று.