திருவிழாவுக்கு ஊரில் இல்லாதவர்

பங்குனி பிறந்தால் மயிலாப்பூருக்கு வெளியூர்ச் சொந்தங்கள் வந்து இறங்கும். பொன்னுரங்கம் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்புவார். கபாலீசுவரர் கோயிலில் கொடி ஏறியதும் பாலவாக்கத்து மச்சினி வீடு. அறுபத்துமூவர் உற்சவம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் திரும்பி வருவார். தொழில் என்னவோ பந்தல் போடுவது. மாட வீதிகளில் மூங்கிலுக்கும் படுதாவுக்கும் ஆளாளுக்கு அடித்துக்கொள்ளும் அந்த நாட்களில், வேலையை மைத்துனன் பாலுவிடம் விட்டுவிட்டு, கடற்கரையில் உட்கார்ந்து படகுகளை வேடிக்கை பார்ப்பார்.

காரணம் தெருவுக்கே தெரியும். மீசை அரும்பிய வயதில், ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் அவுட்டா இல்லையா என்ற தகராறில், ஸ்டம்பைப் பிடுங்கி எதிரணிக்காரன் மண்டையில் போட்டார். அடிபட்டவன் பிற்பாடு இவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் மறந்துவிட்டான், காவல் நிலையம் மறக்கவில்லை. ரவுடிப் பட்டியலில் ஏறிய பெயர் இறங்கவே இல்லை. பெரிய திருவிழா, தேர்தல் என்றால் பட்டியலில் உள்ளவர்களை அழைத்துப்போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைப்பது வழக்கம். அடி உதை எல்லாம் கிடையாது, டீகூட வரும். தெரு பார்க்க ஜீப்பில் ஏறுவதுதான் உயிரை வாங்கும். ஆகவே, கூப்பிடுவதற்குள் இடத்தைக் காலி செய்துவிடுவது என்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

இந்த வருஷம் அதற்கு வில்லங்கம் வந்தது. வடக்கு மாட வீதிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சாய்நாத் நேரிலேயே தேடி வந்துவிட்டார்.

"அறுபத்துமூவர் அன்னிக்கு நீர்மோர்ப் பந்தல் நீங்களே நின்னு போட்டுக் கொடுக்கணும், பொன்னுரங்கம். போன தடவை ஒங்க மச்சினன் கட்டின படுதா பறந்துபோய் எங்காத்து மொட்டை மாடியில விழுந்துது. மாமி வடாம் காய வெச்சுண்டிருந்தா. இன்னும் திட்டிண்டிருக்கா. இது மட்டும் நன்னா அமைஞ்சா, வருஷம் பூரா சங்கத்து வேலை எல்லாம் ஒங்களுக்குத்தான்."

வருஷம் பூரா வேலை. கூலிக்கு மூங்கில் சுமந்த காலத்திலிருந்து பொன்னுரங்கம் எதிர்பார்த்திருந்த வார்த்தை அது. சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பட்டியல் ஞாபகம் வந்தது. பந்தல் அன்றைக்கு அவர் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தால் எல்லாம் அதோடு சரி.

அன்று சாயங்காலம் வீட்டில் கயிற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் கயல் பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். சமூகவியல் முதுகலை. அந்த வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அதைக் கேட்டவர்களுக்குச் சொன்னதைவிட, கேட்காதவர்களுக்குத்தான் அவர் அதிகம் சொல்லியிருக்கிறார்.

"இன்னாம்மா பாடம் அது? குற்றம், குற்றம்னு வந்துகினே கீது?"

"மன்சன் ஏன் தப்பு பண்றான்னு, நைனா. ஒருத்தர் இன்னா சொல்றார்னா, சம்பாரி, பெரிய ஆளாவுன்னு ஊரு எல்லாருக்கும் ஆச காட்டுது. ஆனா நேர்வழிய எல்லாருக்கும் தொறந்து வுட்றதில்ல. வழி இல்லாதவன் குறுக்கால பூந்து போறான்."

"நான் எங்க குறுக்கால போனேன்? அது அவுட்டு. அவன் ஒத்துக்கல. அவ்ளோதான்."

"சேர்க்கைதான் காரணம், கூட சுத்தறவன் கிட்டதான் கத்துக்கிறான்னு இன்னொருத்தர்."

அடுப்படியிலிருந்து மனைவி சொர்ணத்தின் குரல் வந்தது. "உங்கப்பன் யார்கிட்டடி கத்துக்கினாரு? அந்த டீமுக்கே அவருதான் கேப்டன்."

"வீடு, வேல, சொந்தம்னு கட்டு இருந்தா மன்சன் ஒழுங்கா இருப்பான், அது அறுந்தா தடம் மாறிடுவான்னு ஒரு கட்சி."

"அது கரீட்டு. அதுக்குத்தானே என்னை இந்த ஆளுக்குக் கட்டி வெச்சாங்க."

பொன்னுரங்கம் சிரித்தார். கயல் பக்கத்தைப் புரட்டினாள்.

"இது ஒண்ணு கேளு நைனா. சின்னச் சின்னத் தப்பு எல்லாரும்தான் பண்றாங்க. ஆனா ஒருத்தனுக்கு மட்டும் ரவுடின்னு பேரு வெச்சிட்டா, அப்பால ஊரு அவனப் பாக்காது, அந்தப் பேரத்தான் பாக்கும். அவனும் அந்தப் பேருக்குத் தக்கன ஓடறது, ஒளியறதுன்னு ஆரம்பிச்சிடுவான். ஒடனே ஊரு, பாத்தியா, நான்தான் அப்பவே சொன்னேனேன்னும்."

"நான் எங்க ஓடினேன்?"

"வருஷா வருஷம் பாலவாக்கத்துல இன்னா பண்ற? கடல்ல தண்ணி கரீட்டா கீதான்னு பாக்கப் போறியா?"

சொர்ணம் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள். அவளும் பதிலுக்காகக் காத்திருப்பது தெரிந்தது. "புக்கு எழுதினவன் எவனும் ஜீப்புல ஏறியிருக்க மாட்டான்," என்று முணுமுணுத்துவிட்டு அவர் கயிற்றை மறுபடி கையில் எடுத்தார். ஆனால் சிக்கு பிரியவில்லை.

மறுநாள் காலை முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடாமல் தானே ஸ்டேஷனுக்கு நடந்தார். வாசலில் நின்ற ஏட்டு முருகனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடா, தேடினாலே கிடைக்க மாட்ட, தேடாமலே வந்து நிக்கற?" என்றபடி உள்ளே இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் அழைத்துப் போனார்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "கொடி ஏறினா காணாமப் போற ஆள் நீதானே? ஒண்ணும் பண்ணாதவன் எதுக்கு ஓடணும்?"

நேற்று மகள் சொன்னதுதான், இன்று காக்கி உடுப்பில் கேட்டது.

"நீங்க கூப்புடுவீங்கன்னு ஓடினேன் மேடம்."

"நீ ஓடறதாலதான்யா கூப்பிடறோம்."

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப இந்த வருஷம் நான் ஓடல, நீங்க கூப்புடாதீங்க. வடக்கு மாட வீதி நீர்மோர்ப் பந்தல்ல கீறேன். எப்ப வேணா வந்து பாருங்க."

"அந்தப் பக்கம் ஒரு செயின் போனாலும் முதல்ல உன்கிட்டதான் வருவோம்."

"வாங்க மேடம். வெயிலுக்கு மோர் கெடைக்கும்."

அறுபத்துமூவர் அன்று பந்தல் கச்சிதமாக நின்றது. கருக்கலிலேயே வந்து அவரே மூங்கில் ஊன்றி, அவரே முடிச்சுப் போட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வீதியில் எள் போட இடமில்லை. நாயன்மார்களின் பல்லக்குகள் திருப்பத்தில் தெரிந்தபோது கூட்டம் பந்தல் பக்கம் ஒதுங்கியது. அதில் முன்கம்பம் அடியோடு ஆடியது. பொன்னுரங்கம் பக்கவாட்டுச் சாரத்தின் மேல் ஏறி, தளர்ந்த கயிற்றை இழுத்துப் பிடித்தார். சரியாக அந்த நேரம் பார்த்து ஏட்டு முருகன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"தெரு முனையில ஒரு அம்மாவோட செயினைக் காணோம். இறங்கி வா. மேடம் கூப்பிடறாங்க."

மோர் வாங்க நீட்டிய கைகள் அப்படியே நின்றன. சாய்நாத் அகப்பையை அண்டாவுக்குள்ளேயே விட்டுவிட்டு மேலே பார்த்தார். பந்தலுக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. அது எங்கே போய் எங்கே முடிகிறது என்று பொன்னுரங்கத்தின் கால்களுக்கு நன்றாகவே தெரியும். அவர் கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"சார், நான் எறங்கினா பந்தலும் கூடவே எறங்கும். அந்தக் கம்பத்தக் கொஞ்சம் அமுக்கிப் புடிங்க."

"எங்கிட்டயே வேலை வாங்கறியா?"

"கீழ கொழந்தைங்க கீது சார்."

முருகன் சுற்றிலும் பார்த்தார். கம்பம் மறுபடியும் ஆடியது. லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதைக் கட்டிப் பிடித்தார். "எவ்ளோ நேரம்டா?"

"சாமிங்க தாண்டற வரைக்கும்."

"அறுபத்துமூணு பேருமா?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. யாரோ ஏட்டின் வாய்க்கே மோர் டம்ளரைக் கொண்டுபோய், "கருக்கல்லேர்ந்து அவரு இங்கதான் சார் கீறாரு," என்றார்கள். தோளில் செருகியிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"பொன்னுரங்கம் கிடைச்சானா?"

"இருக்கான் மேடம்."

"எங்க?"

"என் தலைக்கு மேல, மேடம். விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து இந்தப் பந்தல்லயேதான் இருக்கான்னு தெருவே சொல்லுது. நானும் பாத்துட்டேன்."

"சரி, அவனை விடு. நீ ஏன் அங்கேயே நிக்கற?"

முருகன் மேலே பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். "பந்தல் பந்தோபஸ்து மேடம்."

கடைசிப் பல்லக்கும் தாண்டிய பிறகு பொன்னுரங்கம் முடிச்சை இறுக்கிவிட்டுக் கீழே இறங்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கழற்றி வைத்திருந்த சட்டையை மாட்டினார்.

"எங்கடா கெளம்பிட்ட? அதான் விடச் சொல்லிட்டாங்களே," என்றார் முருகன்.

"அது நீங்க சொன்னத வெச்சு, சார். நான் இங்கதான் இருந்தேன்னு மேடம் கிட்ட நானும் ஒரு தபா சொல்லிட்டு வந்துடறேன்."

சந்துப் பக்கம் திரும்பாமல், கூட்டம் நிறைந்த வீதியின் நட்டநடுவே அவர் ஸ்டேஷனை நோக்கி நடந்தார். ஏட்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.