சித்தி மகள்

அந்த மாடி ரூமைக் கொடுக்கும்போதே வீட்டுக்கார அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "யாரு கேட்டாலும் எனக்குச் சித்தி மகள்னு சொல்லிருத்தா. தனியா இருக்க பொம்பளைக்கு வீடு விட்டிருக்கோம்னு தெரிஞ்சா பஜார்ல எங்க வீட்டுக்காரரைக் கேள்வி கேட்டே கொன்னுருவாக."

பெரியகுளத்தில் வீடு கேட்டு ஒற்றை ஆளாய் அலைந்த பெண்ணுக்குத்தான் அந்தச் சாவியின் அருமை தெரியும். விவாகரத்து ஆனவள், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, கூட யாரும் இல்லை என்று உண்மையைச் சொன்ன இடத்திலெல்லாம் "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். இன்றுவரை கலந்துகொண்டிருக்கிறார்கள் போல. அக்கா ஒருத்திதான் சாவியைக் கையில் வைத்தாள். எழுத்து கிழுத்து எதுவும் கிடையாது. "தங்கச்சிகிட்ட யாராச்சும் அக்ரிமெண்ட் போடுவாகளா?" என்று சிரித்தாள். வாடகையையும் கையிலேயே கொடுத்தால் போதும் என்றாள். நானும் சிரித்து வைத்தேன்.

நடிப்பாகத்தான் ஆரம்பித்தது. பிறகு பொங்கலுக்கு எனக்கும் ஒரு சேலை வந்தது. மாம்பழ சீசனில் தோப்பிலிருந்து பெட்டி இறங்கினால் நாலு பழம் மாடி ஏறி வரும். பால்காரர் என்னைப் பார்த்தால் "அக்கா இருக்காகளா?" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. சொந்த அண்ணன் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டவளுக்குப் பொய்யாக ஒரு அக்கா கிடைத்தாலும் இனிக்கத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழே குழம்பு கொதிக்கும் வாசனையில் படுத்திருப்பேன். இன்றைக்குச் சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்று தோன்றும். ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

போன வருடம் ஆனிக் கடைசியில் அக்கா மேலே வந்தாள். மகனுக்கு ஆவணியில் கல்யாணம், மாடி வேண்டும், ஆடி பிறப்பதற்குள் காலி பண்ணிவிடு என்றாள். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், அந்த மாதத்தில் புதிதாகக் குடி வைக்கவும் மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் முதல் வேலையாகப் போய்விடுகிறேன் என்று கெஞ்சினேன். வெள்ளையடிக்க வேண்டும், முடியாது என்றாள். ஏறி இறங்கிய வீடெல்லாம் கையை விரித்தன. ஆடி பிறந்தது. மறுநாள் மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழே வால்வை அடைத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. தேனிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன்.

"எழுத்து இல்லாட்டியும் வாடகைக்கு இருக்கவக வாடகைக்கு இருக்கவகதான். கோர்ட் சொல்லாம ஒங்களை வெளியேத்த முடியாது, தண்ணியவும் நிறுத்தக் கூடாது. ஆனா வாடகைக்குத்தான் இருக்கீகன்னு யாராச்சும் சொல்லணும். விருந்தாளியா வந்து தங்குனவகளுக்கு அந்த உரிமை கிடையாது" என்றார்.

அதற்கென்ன, தெருவே சொல்லும் என்று தெம்பாகத் திரும்பினேன்.

"நீங்க அவுக தங்கச்சிதானே? சொந்தத்துல ஏது வாடகை?" என்றார் பால்காரர். மளிகைக்கடைக்காரர் அதற்கும் ஒரு படி மேலே. "அக்கா தங்கச்சி சண்டையில நாங்க தலையிட முடியாதும்மா. நாளைக்கே நீங்க ஒண்ணாயிருவீக."

நான் தங்கை இல்லை, அவர்கள் எனக்கு யாரும் இல்லை, எனக்கு யாருமே இல்லை என்று கடை வாசலில் நின்று கத்தினேன். கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

வேறு வழியில்லாமல் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தேன். அக்காவை வரச் சொன்னார்கள். புருஷனையும் கூட்டிக்கொண்டு, பட்டுச்சேலையில் வந்தாள். வாசலில் பஜார்க்காரர்கள் சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெண் எஸ்.ஐ. என்னைக் காட்டி, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவளிடம் கேட்டார்.

தங்கச்சி என்று அவள் சொல்லிவிட்டால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அக்கா வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள். சொந்தத் தங்கச்சியே ஸ்டேஷனுக்கு இழுத்துவிட்டாள் என்று நாளைக்கு பஜாரில் பேச்சு வரும். அந்தப் பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

"யாரும் இல்லைங்க" என்றாள். "எங்க ஆளுகளே இல்ல. வாடகைக்கு வந்த பொம்பள."

எஸ்.ஐ.க்கு அது போதுமானதாக இருந்தது. வாடகைக்கு இருப்பவருக்குத் தண்ணீரை அடைக்கக் கூடாது, உடனே திறந்துவிடுங்கள், ஆவணி வரை அவர் இருக்கட்டும் என்றார். அக்காவும் புருஷனும் தலையாட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போனார்கள்.

நான் கேட்டுப் போனது முழுசாகக் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். ரூம் போனால் போகட்டும், அவள் அந்தப் பொய்யையே சொல்லியிருக்கக் கூடாதா?