கூரைக்குள் ஒரு கூரை

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மணமேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தீப்பிடித்தால் தானாகத் திறந்து தண்ணீர் கொட்டுமே, அந்த ஸ்பிரிங்க்லர் எங்கெங்கே இருக்கிறது, அலங்காரத் துணி கட்டி எதையெல்லாம் மறைத்திருக்கிறார்கள் என்று தேடுவேன். "பித்து புடிச்சவ மாதிரி மேலயே பாத்துக்கினு கீறியே, இன்னாடி?" என்று அம்மா இடிப்பாள். பித்துதான். ஜவுளிக்கடையில் உடை மாற்றிப் பார்க்கும் அறைக்குள்கூட நான் போவதில்லை. அளவு சரியில்லாத சுடிதார்கள் நிறைய வைத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் வாலாஜாபாத் சாலையில் ஒரு பெரிய குடோனில் சேஃப்டி அசிஸ்டென்டாக இருந்தேன். டிப்ளமா படித்த திமிர் கொஞ்சம் உண்டு. பேக்கிங் செய்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கத்துப் பெண்கள். உடை மாற்றவோ, முடியாத நாளில் கொஞ்சம் சாயவோ அவர்களுக்கு இடமில்லை. அட்டைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் ஒருத்தி காவல் நிற்க இன்னொருத்தி மாற்றுவாள். நான்தான் மேனேஜரோடு மல்லுக்கட்டி ஓர் அறை வாங்கினேன். குடோனுக்குள்ளேயே ஒரு மூலையில் நான்கு பக்கமும் பிளைவுட் அடைத்து, ஒரு கதவு வைத்துக் கொடுத்தார்கள். மேலே திறந்திருந்தது. தீ என்று ஏதாவது வந்தால் குடோன் கூரையில் இருக்கும் ஸ்பிரிங்க்லர் அந்த அறையையும் சேர்த்து நனைத்துவிடும்.

முதல் வாரமே காவாந்தண்டலத்து அக்கா என்னிடம் வந்து நின்றாள். மற்றவர்களுக்காக யாரிடமும் போய்க் கேட்கிறவள் அவள். காலையில் நடவு நட்டுவிட்டு மத்தியான ஷிப்டுக்கு வருவதால் சேற்றுப் புடவையை மாற்றியே ஆக வேண்டும்.

"இன்னா ரூம் கட்டிக்கீற? சரக்கு எடுக்கற பசங்க பரண்லருந்து எட்டிப் பாக்கறானுங்க. மேல மூடிக் குடும்மா."

நியாயம்தான். எனக்கே அது தோன்றாமல் போனதில் வெட்கமாக இருந்தது. இரண்டே நாளில் பிளைவுட் கூரை போடவைத்தேன். அந்த வாரம் குழாய்களைச் சரிபார்க்க வந்த ஃபிட்டர் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மேடம், இது வூட்டுக்குள்ள வூடு ஆயிடுச்சி. மேல ஊத்துற தண்ணி உள்ள எப்டி வரும்? இந்தக் கூரைக்குக் கீய தனியா ஒண்ணு போடணும். அரை நாள் வேல."

அரை நாள் குழாய்த் தண்ணீரை நிறுத்த வேண்டும்; அதுவரை குடோனில் வேலை நடக்கக் கூடாது. சரக்கு அனுப்பும் நெருக்கடி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் மேனேஜர். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் கூரையைப் பிய்த்துப் போடு என்றார். பிய்த்தால் பெண்கள் மறுபடியும் பெட்டி அடுக்குக்குப் பின்னால்தான் போவார்கள். அந்த மாத சேஃப்டி படிவத்தில், மூடிய இடங்கள் எல்லாவற்றுக்குள்ளும் ஸ்பிரிங்க்லர் உண்டு என்ற வரிக்கு நேரே டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அறை வாங்கிக் கொடுத்த பெருமை போய்விடுமே என்பதுதான் உண்மை.

அடுத்த மாதம் வந்து போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. குழாய் வரவில்லை.

ஒரு மத்தியானம் அக்கா காய்ச்சலோடு வந்து, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று அந்த அறைக்குள் போனாள். ஃபேன் ஒயர் கருகி, கொடியில் கிடந்த புடவைகளில் தீ பிடித்திருக்கிறது. கொடி கட்டியிருந்தது கதவுப் பக்கம். புகையும் சூடும் கதவிடுக்கு வழியாக மேலே போய், குடோன் ஸ்பிரிங்க்லர் சரியாகத் திறந்துகொண்டது. அதன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கூரைமேல் தண்ணீர் கொட்டி, நான்கு சுவரிலும் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் மட்டும் சிவப்பாக வெளிச்சம். உள்ளே ஒரு சொட்டு இல்லை என்பது அங்கே நின்ற அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். கத்தினேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் பின்பக்கப் பலகையை முட்டித் தள்ளி அவளை வெளியே இழுத்தார்.

உயிர் இருந்தது. இரண்டு கைகளும் ஒரு கன்னமும் வெந்துபோயின. ஒயர் கோளாறு என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். என் கையெழுத்து இருந்த காகிதத்தை யாரும் புரட்டவில்லை. ஃபிட்டர் மட்டும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

மூன்று மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து அவள் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் மகள் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"அந்தப் பலகைய ஒதச்சிருந்தா வுழுந்திருக்கும்மா," என்றாள் அவளாகவே. "எனுக்குத் தெரியும். ஆனா மேல தண்ணி கொட்டற சத்தம் கேட்டுச்சி. தோ வந்துடும், தோ வந்துடும்னு மூலையில குந்திக்கினு இருந்தேன்."

துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அழுவாத. கூர போடச் சொல்லி அடம் புடிச்சது நான்தானே? நீ இன்னா பண்ணுவ, பாவம். என்மேலதான் தப்பு."

"ஆமாக்கா," என்றேன்.